லியோன் வீட்டு விருந்தாளி

கடல்கடந்த இளைஞர் பண்பாட்டுப் பரிமாற்றச் சபையின் யாப்பில், அதாவது விதித்தொகுப்பில், பதினொரு பிரிவுகள் இருந்தன. அவற்றுள் ஒன்பது, விருந்தினரை வரவேற்பது பற்றியவை. ஒன்று, தலைவர் உரையாற்றும் நேரம் பற்றியது. எஞ்சிய ஒன்று, விருந்தினர் திரும்பிச் செல்வது பற்றியது. அந்தப் பிரிவை எவரும் வாசித்திருக்கவில்லை. அதை எழுதியவரும் எழுதிய பின்னர் வாசிக்கவில்லை.

சபையின் அலுவலகம் ஊர்காவற்றுறையில், மூடப்பட்ட ஒரு சுருட்டுக் கொட்டிலின் முன்னறையில் இயங்கியது. தொடக்கத்தில் அது தீவுப்பகுதி இளைஞர்களை ஐரோப்பிய நாடொன்றுக்கு அனுப்பி, அந்நாட்டு இளைஞர்களை இங்கே வரவழைத்தது. எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதக் கலவரத்துக்குப் பின்னர் அந்நாட்டார் தம் பிள்ளைகளை இங்கே அனுப்ப மறுத்தனர். இங்கிருந்து போன பிள்ளைகள் திரும்பி வர மறுத்தனர். பரிமாற்றம் நின்றது. ஆனால் சபை நிற்கவில்லை. ஒரு சபை தன் நோக்கம் நின்றதற்காகத் தானும் நின்றுவிட வேண்டும் என்று யாப்பில் எங்கும் கூறப்படவில்லை.

தலைவர் ஆழ்வாப்பிள்ளை, ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி, ஒரு விசேட பொதுக்கூட்டத்தில் வழியைக் கண்டுபிடித்தார்.

"யாப்பு கூறுவது என்ன? பங்குபற்றுநர் கடல் கடந்து செல்லல் வேண்டும். அவ்வளவே. எந்தக் கடல் என்று அது கேட்கவில்லை. நெடுந்தீவுக்கும் புளியங்கூடலுக்கும் இடையில் கடல் உண்டு. அதுவும் உப்பாகவே இருக்கிறது. நாம் ஒருவரையொருவர் அந்நியராக அறிந்துகொள்ளும் காலம் வந்துவிட்டது. இதுவரை நாம் ஒருவரையொருவர் வெறுமனே அறிந்திருந்தோம்."

கைதட்டல் எழுந்தது. இவ்வாறுதான் 1984ஆம் ஆண்டு டிசம்பர் மாத முதற் கிழமையில், சபையின் செயலாளர் தம்பிஐயா நெடுந்தீவு இறங்குதுறையில் லோஞ்சுப் படகை விட்டு இறங்கினார். அவருடைய கையில் ஒரு பெயர்ப் பட்டியல் இருந்தது; பட்டியலில் ஒரு பெயர் குறைவாக இருந்தது. யாப்பின்படி தொண்டர் எனப்படுபவர் தாமாக முன்வருபவர். அப்படி ஒருவர் இல்லாதவிடத்து, முன்னால் நிற்பவர். துறையில் முன்னால் நின்றவன் யாகப்பு. அதே லோஞ்சில் வந்த ஒரு மூட்டைப் புண்ணாக்கை எடுக்க வந்திருந்த, இருபத்திரண்டு வயது இளைஞன்.

"நீர் படிச்சனீரோ?" என்று தம்பிஐயா கேட்டார்.

"பத்தாம் வகுப்பு மட்டும் படிச்சனான், ஐயா."

"ஆடுவீரோ, பாடுவீரோ?"

"மாடு பாக்கிறனான்."

கலை: கால்நடை சார்ந்தது, என்று தம்பிஐயா எழுதிக்கொண்டார்.

"எத்தினை நாளைக்கு, ஐயா?"

"ஆறு கிழமை. ஒண்டரை மாதம். ஏன் காணும்?"

"தைக் கடைசித் திங்கள் எங்கடை பட்டி கூட்டுற நாள். அண்டைக்கு நான் நிக்கவேணும். வீட்டிலை வேறை ஆம்பிளை இல்லை."

"அதுக்கு முதலே வந்து சேர்ந்திடுவீர். சபை சொன்னால் சொன்னதுதான்."

பட்டி கூட்டும் நாள் பற்றிச் சிறிது கூறவேண்டும். நெடுந்தீவின் தென்புற வெளியில் மாடுகள் மாரி முழுவதும் தம் விருப்பப்படி திரியும். தை மாதக் கடைசித் திங்களன்று அனைத்தையும் சாய்த்துவந்து, முருகைக்கல் மதில் சூழ்ந்த பெரும் பட்டிக்குள் அடைப்பார்கள். ஒவ்வொரு வீட்டு ஆணும் உள்ளே இறங்கி, மண்ணில் கால் ஊன்றி நின்று, தன் வீட்டுக்கென்று உள்ள கூவலைக் கூவுவான். எந்தப் பசு தன் கன்றோடு அந்தக் குரலுக்கு வருகிறதோ அந்தக் கன்றுக்கு அந்த வீட்டுக் குறி சுடப்படும். பெண்கள் மதிலுக்கு வெளியே நிற்பார்கள். எவரும் கூவாத வீட்டின் கன்று பொதுப்பட்டிக்குப் போகும்.

யாகப்புவின் தகப்பன் லியோன் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வட்டத்துக்குள் குருசு, அதாவது சிலுவை, இட்ட லியோன் வீட்டுக் குறியைச் சுமந்த ஆறு மாடுகளில் பாலுக்கு உரியவை சிவலையும் கறுப்பியுமே. இரண்டும் கிழடு தட்டியவை. அந்த ஆண்டு மாரியில் இரண்டும் ஒவ்வொரு பசுக்கன்று ஈன்றிருந்தன. அந்தக் கன்றுகள் கைவிட்டுப் போனால் லியோன் வீட்டில் பாலும் இல்லை. இன்னும் சில ஆண்டுகளில் அந்தக் குறியும் இல்லை. இவ்வளவையும் யாகப்பு துறையில் வைத்துச் சொல்ல முயன்றான். தம்பிஐயா அதற்குள் அவனுடைய அடையாள அட்டையைப் பாதுகாப்புக்காக வாங்கித் தம் பைக்குள் வைத்துவிட்டிருந்தார்.

தாய் றோசம்மா தடுக்கவில்லை. "ஒருக்கால் வெளியிடம் பாத்திட்டு வா, தம்பி. தைக் கடைசிக்கு வந்திடு," என்றாள்.

அவனுக்கு மாற்றாக, புளியங்கூடலிலிருந்து குலசிங்கம் என்ற இளைஞன் றோசம்மாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். இருவரும் குறிகட்டுவான் துறையில் ஒருவரையொருவர் கடந்து சென்றனர். குலசிங்கத்தின் கையில் இருந்த பயணப்பை, ஆறு கிழமைத் தங்கலுக்குச் சற்றுப் பெரிதாகவே இருந்தது.

புளியங்கூடலில் யாகப்புவை நிறைகுடம் வைத்து வரவேற்றனர். மாலை அணிவித்தனர். தலைவர் ஆழ்வாப்பிள்ளை நாற்பத்தைந்து நிமிடம் உரையாற்றினார். "தொலைதூரத்து நெடுந்தீவிலிருந்து அலைகளைத் தாண்டி வந்திருக்கும் இந்த இளைஞனுக்கு எமது மொழியோ உணவோ பழக்கமோ தெரியாது. ஆயினும் அவன் முகத்தைப் பாருங்கள். மனித முகம்."

கூட்டம் அவன் முகத்தைப் பார்த்தது. முன்வரிசையில் இருந்த ஒருவர், "உவன் எங்கடை றோசம்மாவின்ரை பெடியன் எல்லோ, சந்தைக்கு மோர் கொண்டு வாறவன்," என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார். தம்பிஐயா அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கைதட்டத் தொடங்கினார்.

யாகப்பு தங்கிய வீடு, ஓய்வுபெற்ற தபாலதிபர் வல்லிபுரத்தாருடையது. அவரும் மனைவி யோகம்மாவும் நல்லவர்கள். அவர்களிடம் சபை பன்னிரண்டு பக்க அறிவுறுத்தலைக் கொடுத்திருந்தது. விருந்தினர் கதிரையில் மட்டுமே அமரலாம். விருந்தினர் வேலை செய்யக்கூடாது. விருந்தினருக்கு வீட்டிலுள்ள மிகச் சிறந்த கோப்பையில் மட்டுமே தேத்தண்ணி கொடுக்கப்படும். விருந்தினருடன் மொழிபெயர்ப்பாளர் ஊடாகவே உரையாடல் நிகழவேண்டும்.

மொழிபெயர்ப்பாளராக ஞானசவுந்தரி நியமிக்கப்பட்டிருந்தாள். ஆசிரியப் பயிற்சி முடித்து நியமனத்துக்குக் காத்திருந்தவள். ஐரோப்பியர் வந்த காலத்தில் உருவான பதவி அது. ஐரோப்பியர் வராமற்போனாலும் பதவி வெற்றிடமாக இருக்கக்கூடாது என்பது சபையின் கொள்கை. முதல் நாள் மத்தியானம் அவள் கொப்பியும் பேனையுமாக வல்லிபுரத்தாருக்கும் யாகப்புவுக்கும் நடுவில் அமர்ந்தாள்.

"தம்பி, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ?" என்றார் வல்லிபுரத்தார்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ எண்டு ஐயா கேக்கிறார்," என்றாள் ஞானசவுந்தரி.

"எனக்குக் காணும், ஐயா."

"காணுமாம்."

"ஏன், கறி உறைப்போ?"

"கறி உறைப்போ எண்டு கேக்கிறார்."

"இல்லை அக்கா, நல்லாயிருக்கு. எங்கடை அம்மாவும் இப்பிடித்தான் வைக்கிறவ."

ஞானசவுந்தரி பேனையை நிறுத்தினாள். "இப்பிடித்தான் வைக்கிறவ எண்டு சொல்லாதையும். வித்தியாசமாய் இருக்கு எண்டு சொல்லும். வித்தியாசம் பக்கத்திலை நான் ஒவ்வொரு நாளும் ஆறு வரி எழுதவேணும்."

யாகப்பு யோசித்தான். "உப்புக் கொஞ்சம் குறைவு," என்றான்.

குசினிக்குள் நின்ற யோகம்மாவுக்கு இது கேட்டது. அன்றிலிருந்து ஆறு கிழமையும் அவள் உப்பை அள்ளிப் போட்டாள். அதுவும் வித்தியாசங்கள் பகுதியில் பதிவாயிற்று.

வேலை செய்யாமல் இருப்பது யாகப்புவுக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. வல்லிபுரத்தாரின் மாடு கயிற்றில் கால் சிக்கி நின்றபோது அவன் கதிரையை விட்டு எழுந்தான். ஞானசவுந்தரி தலையை அசைத்தாள். அவன் அமர்ந்தான். மாடு அவனைப் பார்த்தது. அவன் மாட்டைப் பார்த்தான். அவ்விருவருக்கும் இடையில் மொழிபெயர்ப்பாளர் எவரும் நியமிக்கப்பட்டிருக்கவில்லை.

நான்காம் கிழமையில் கலைநிகழ்ச்சி வந்தது. நெடுந்தீவின் மரபிசையை வழங்குமாறு யாகப்பு மேடையேற்றப்பட்டான். அவனுக்குத் தெரிந்த ஒரே இசை, தகப்பனிடம் கற்ற கூவல். நெஞ்சிலிருந்து நீளமாக எழுந்து, நடுவில் ஒருமுறை உடைந்து, நாக்கின் சொடுக்கு இரண்டில் முடிவது. ஒலிபெருக்கியின் முன் நின்று கூவினான். வெளியே எந்த மாடும் திரும்பிப் பார்க்கவில்லை. அவை புளியங்கூடல் மாடுகள். நடுவில் குரல் உடைவது இந்தக் கலைவடிவத்தின் சிறப்பு என்று தலைவர் விளக்கினார்.

ஆறு கிழமை முடிந்தது. தைப்பொங்கல் கழிந்த மறுநாள், யாகப்பு தன் பையோடு ஊர்காவற்றுறை அலுவலகத்துக்குப் போனான். தம்பிஐயா அவனைக் கதிரையில் இருத்தி, கோப்பொன்றை மெதுவாகத் திறந்தார்.

"ஒரு சின்னச் சிக்கல். குலசிங்கம் நெடுந்தீவிலை இல்லை."

"எங்கை போட்டார்?"

"சவுக்காரம் வேண்டிக்கொண்டு வாறன் எண்டு உங்கடை அம்மாவிட்டைச் சொல்லிப்போட்டுத் துறைக்குப் போனவராம். இப்ப ஜேர்மனியிலை நிக்கிறார்."

குலசிங்கம் எழுதிய கடிதத்தைத் தம்பிஐயா பெருமிதத்துடன் நீட்டினார். சபை வழங்கிய 'பண்பாட்டுத் தூதர்' அட்டையை ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் காட்டியதாகவும், அதைக் கண்டவர்கள் தன்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை என்றும் அவன் நன்றியோடு எழுதியிருந்தான். அங்கே பனி கொட்டுகிறதாம். றோசம்மா ஊற்றித் தந்த பால் தேத்தண்ணியை மறக்க ஏலாதாம்.

"எங்கடை பரிமாற்றம் திரும்பவும் ஐரோப்பாவை எட்டியிருக்கு," என்றார் தம்பிஐயா.

"அப்ப நான் வீட்டை போகலாம்தானே, ஐயா? அடையாள அட்டையைத் தந்தீங்களெண்டால் இண்டைக்கே லோஞ்சைப் பிடிச்சிடுவன்."

"அங்கைதான் சிக்கல். யாப்பு பத்தாம் பிரிவு. ஒருவர் திரும்பினால்தான் மற்றவர் திரும்பலாம். நீர் இப்ப போனால் புளியங்கூடலிலை ஒராள் குறையும். நெடுந்தீவிலை உமக்கு மாற்றாய் நிக்கவேண்டியவரும் இல்லை. ரெண்டு பக்கமும் குறைஞ்சால் அது பரிமாற்றம் இல்லைக் காணும். அது நட்டம்."

"நான் போனால் நெடுந்தீவிலை ஒராள் கூடுமெல்லோ?"

தம்பிஐயா அவனை இரக்கத்தோடு பார்த்தார். "நீர் அந்த ஊர் ஆளாய் எண்ணிக் கதைக்கிறீர். பதிவின்படி நீர் இப்ப புளியங்கூடல்."

அடையாள அட்டை இல்லாமல் குறிகட்டுவானில் கடற்படையினர் எவரையும் லோஞ்சில் ஏறவிடுவதில்லை. சபையின் அட்டையும் இனி உதவாது. குலசிங்கத்தின் பின்னர், ஒவ்வோர் அட்டையும் விருந்தினர் தங்கும் கிராமத்துக்குள் மட்டுமே செல்லும் என்று சபை திருத்தம் கொண்டுவந்திருந்தது. யாகப்பு அடுத்த நாளும் வந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான். ஒவ்வொரு நாளும் கதிரையும் தேத்தண்ணியும் கிடைத்தன. விருந்தினரை வரவேற்கும் ஒன்பது பிரிவுகளையும் சபை ஒருபோதும் மீறியதில்லை.

எட்டாம் நாள் தம்பிஐயா முகமலர்ச்சியோடு எழுந்து வந்தார். வழி கிடைத்துவிட்டது. இரண்டாம் தொகுதிப் பரிமாற்றத்துக்கு, புளியங்கூடலிலிருந்து நெடுந்தீவுக்குச் செல்ல ஓர் இளைஞன் தேவை. யாகப்பு புளியங்கூடல்வாசியாக விண்ணப்பிக்கலாம். வல்லிபுரத்தார் அத்தாட்சி கொடுப்பார். தைக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னதாகவே நெடுந்தீவில் இறங்கிவிடலாம்.

"விண்ணப்பிச்சால் போகலாமோ?"

"நேர்முகத் தேர்விலை தேறவேணும்."

முதலாவது நேர்முகத்தில் யாகப்பு தேறவில்லை. நெடுந்தீவு பற்றிக் கேட்ட எல்லா வினாக்களுக்கும் அவன் சரியான விடை சொன்னான். "போகும் இடத்தை இவ்வளவு அறிந்தவருக்குப் பரிமாற்றத்தால் ஆகப்போவது என்ன?" என்று தலைவர் ஆழ்வாப்பிள்ளை ஏட்டில் குறித்தார்.

வெளியே விறாந்தையில் ஞானசவுந்தரி அவனைப் பிடித்துக்கொண்டாள். "உமக்கு மூளை இல்லையோ? தெரியாது எண்டு சொல்லும். என்ன கேட்டாலும் தெரியாது. நான் மொழிபெயர்ப்பாளராய் வந்ததும் அப்பிடித்தான். எனக்கு என்ன பாஷை தெரியுமெண்டு கேட்டவை. நான் வாயே திறக்கேல்லை."

இரண்டாம் முறை அவன் கற்றபடி நடந்தான்.

"நெடுந்தீவு எத்திசையில் உள்ளது?"

"தெரியாது, ஐயா."

"அங்குள்ள மக்களின் தொழில்?"

"தெரியாது."

"அங்கே உமக்குத் தெரிந்தவர் எவராவது உள்ளனரா?"

யாகப்பு அறைச் சுவரைப் பார்த்தான். சுருட்டுப் புகையால் பழுத்த சுவர்.

"தெரியாது," என்றான்.

"தெளிவாகச் சொல்லும். உள்ளனரா, இல்லையா?"

"ஒருத்தரும் இல்லை, ஐயா."

அதைத் தட்டச்சில் பொறித்து, கீழே அவனுடைய கையொப்பத்தை வாங்கினார்கள்: 'நெடுந்தீவில் எவரையும் அறியேன், அங்கு எனக்கு வீடோ நிலமோ கால்நடையோ இல்லை.' கடைசிப் பகுதியை யாகப்பு இருமுறை வாசித்தான். எல்லோரும் போடுகிற படிவந்தான் என்றார் தம்பிஐயா. லோஞ்சுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கையொப்பம் இட்டான்.

நெடுந்தீவுத் துறையில் நிறைகுடம் இருந்தது. மேளம் இருந்தது. அவனோடு படித்தவர்கள் வரிசையில் நின்று அவனுக்கு மாலை போட்டார்கள். "வாரும் புளியங்கூடலார்," என்றான் ஒருவன், சிரிப்பை அடக்கியபடி. விருந்தோம்பும் வீடாக ஏற்கெனவே பதியப்பட்டிருந்தது றோசம்மாவின் வீடு. ஆகவே யாகப்புவை ஊர்வலமாக அங்கேதான் கொண்டுபோனார்கள்.

றோசம்மா வேலிப் படலையில் நின்றாள். அறிவுறுத்தற் புத்தகம் அவளுக்கும் கொடுக்கப்பட்டிருந்தது. மகனைத் தொடுவதற்குக் கையை நீட்டியவள், தம்பிஐயாவைக் கண்டு, அந்தக் கையாலேயே கதிரையைக் காட்டினாள். அலுமாரியைத் திறந்து, பூப்போட்ட கோப்பையை எடுத்தாள். அது பாதிரியார் வரும் நாட்களில் மட்டும் வெளியே வருவது. யாகப்பு நாளும் தேத்தண்ணி குடித்த, விளிம்பு சிதைந்த எனாமல் பேணி குசினிச் சுவரில், அவன் மாட்டிவிட்டுப் போன ஆணியிலேயே தொங்கியது. அவனுடைய கண் அதில்தான் நின்றது.

லோஞ்சில் கூடவே வந்திருந்த ஞானசவுந்தரி கொப்பியோடு நடுவில் அமர்ந்தாள்.

"மெலிஞ்சு போனான்," என்றாள் றோசம்மா, எவரையும் பாராமல்.

"நீங்கள் மெலிஞ்சு…" என்று தொடங்கிய ஞானசவுந்தரி நிறுத்தினாள். கொப்பியை மூடினாள். "எனக்குக் கால் கழுவவேணும், அம்மா. கிணறு எந்தப் பக்கம்?" என்று கேட்டு, எழுந்து வெளியே போனாள். தம்பிஐயா போகவில்லை. அவர் தம் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் பட்டி கூடியது. அந்த ஆண்டு அது ஒரு பட்டியாக மட்டும் இருக்கவில்லை. அவசரகாலச் சட்டத்தின் கீழ் அத்தனை பேர் ஓரிடத்தில் கூட அனுமதி வேண்டியிருந்தது; மாட்டுக்குக் குறி சுடுவதற்கு அனுமதி தர எவருக்கும் அதிகாரம் இருக்கவில்லை; கலைவிழாவுக்குத் தர அதிகாரம் இருந்தது. சபை தன் பெயரில் அதைப் பெற்றுக் கொடுத்தது. ஆகவே முருகைக்கல் மதிலில் பதாகை கட்டியிருந்தார்கள். மதிலுக்கு வெளியே விருந்தினருக்கென்று கயிறு கட்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். நடுக்கதிரையில் யாகப்பு மாலையோடு இருந்தான்; தலைவரும் செயலாளரும் சபை உறுப்பினர்களும் இரு பக்கமும் இருந்தனர். பெண்கள் பக்கத்தில், மதிலில் கை ஊன்றியபடி றோசம்மா நின்றாள்.

பட்டியை நடத்தியவர் சூசைப்பிள்ளை. எழுபது வயது கடந்தவர். யாகப்புவின் தகப்பனுக்கு முதன்முதலில் கூவக் கற்றுக்கொடுத்தவர். வீட்டுப் பெயரை அவர் அழைக்க, ஒவ்வொருவராக உள்ளே இறங்கிக் கூவினார்கள். புழுதிக்குள்ளிருந்து பசுக்கள் கன்றோடு வந்தன. இரும்பு பழுத்தது. ரோமம் கருகிய மணம் வெளி முழுவதும் பரவியது.

"லியோன் வீடு," என்று சூசைப்பிள்ளை அழைத்தார்.

யாகப்பு எழுந்தான். தம்பிஐயா அவன் தோளில் கை வைத்து இருத்தினார்.

"லியோன் வீடு," என்றார் சூசைப்பிள்ளை இரண்டாம் முறை, கயிற்றுப் பக்கம் பார்த்தபடி. "வாடா யாகப்பு. இரும்பு ஆறுது."

"மன்னிக்கவேணும், பெரியவர்," என்றார் தம்பிஐயா. "இவர் விருந்தினர். புளியங்கூடல் இளைஞர்."

"ஆர்? உவனோ? உவன் பிறந்த அண்டு நான்தான் மருத்துவிச்சியைக் கூட்டியந்தனான்."

தம்பிஐயா படிவத்தை எடுத்து உரத்து வாசித்தார். எவரையும் அறியேன் என்பதையும், வீடோ நிலமோ கால்நடையோ இல்லை என்பதையும். றோசம்மா மதிலிலிருந்து கையை எடுத்தாள்.

"நீயோ ஒப்பம் வைச்சனீ?" என்று சூசைப்பிள்ளை கேட்டார்.

"ஓம், அப்பு. வாறதுக்கு வேறை வழி இருக்கேல்லை."

"நிகழ்ச்சி நிரலை மீறினால் அனுமதி போயிடும்," என்றார் தம்பிஐயா பணிவாக. "அனுமதி போனால், உங்கை நிக்கிற அத்தினை பேரும் சட்டவிரோதமாய்க் கூடினவை. எனக்குச் சொல்ல விருப்பமில்லை. ஆனால் துறையிலை கடற்படை நிக்குது."

சூசைப்பிள்ளை மண்ணைப் பார்த்தார். பிறகு மூன்றாம் முறை, மிக மெதுவாக, "லியோன் வீடு," என்றார்.

யாகப்பு இருந்த இடத்திலிருந்தே கூவினான். அது திட்டமிட்டுச் செய்ததன்று. குரல் நெஞ்சிலிருந்து நீளமாக எழுந்து, நடுவில் உடைந்து, இரண்டு சொடுக்கில் முடிந்தது. புழுதிக்குள் ஒரு தலை நிமிர்ந்தது. சிவலை மற்ற மாடுகளை விலக்கிக்கொண்டு வந்தது. கறுப்பி அதன் பின்னால் வந்தது. கன்றுகள் இரண்டும் தாய்களின் வயிற்றை ஒட்டியபடி வந்தன. சிவலை மதிலுக்கு மேலால் கழுத்தை நீட்டி, விருந்தினரின் மாலையைக் கடித்து இழுத்தது.

சபை உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். தலைவர் ஆழ்வாப்பிள்ளைக்குக் கண்கலங்கிவிட்டது. அவர் ஒலிபெருக்கியை வாங்கினார்.

"பார்த்தீர்களா? வந்து இரண்டே நாள். இம்மண்ணை முன்பின் அறியாத இளைஞன். அவன் குரலுக்கு நெடுந்தீவின் பசு வந்துவிட்டது. பரிமாற்றம் என்பது இதுதான். இந்த ஊரில் பிறந்த ஒருவன் இதைச் செய்திருந்தால் அதில் என்ன வியப்பு இருந்திருக்கும்? நாம் அவனை அந்நியனாக்கியதால் அல்லவா இன்று இது சாதனையாயிற்று."

"அப்ப கன்றுகள்?" என்றார் சூசைப்பிள்ளை.

சபை கதிரைகளிலேயே கூடி ஆராய்ந்தது. விருந்தினருக்குக் கால்நடை உரிமை இல்லை. அது அவரே ஒப்பமிட்டது. வீட்டார் எவரும் உள்ளே நின்று கூவவில்லை. ஆனால் கன்றுகள் பொதுப்பட்டிக்கும் உரியவை அல்ல; ஒரு குரலுக்கு அவை வந்திருக்கின்றன; அந்தக் குரல் சபையின் ஏற்பாட்டில் இங்கே வந்த குரல். எனவே கன்றுகள் சபைக்குரியவை.

சூசைப்பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு, அப்பாவியாகக் கேட்டார்: "நல்லது. உங்கடை குறி என்ன?"

சபையார் ஒருவரையொருவர் பார்த்தனர். சபையிடம் முத்திரை இருந்தது, பதாகை இருந்தது, சூட்டுக்கோல் இருக்கவில்லை.

"பறவாயில்லை. இஞ்சை ஒரு கோல் சும்மா கிடக்கு. இப்போதைக்கு அதாலை சுடுவம்," என்றார் சூசைப்பிள்ளை. நெருப்பிலிருந்து அவர் எடுத்தது லியோன் வீட்டுக் கோல். மதிலுக்கு அப்பால் றோசம்மாவின் முகம் தெளிந்தது. யாகப்புவுக்கும் விளங்கியது. காகிதத்தில் எது இருந்தாலென்ன, தோலில் இருக்கப்போவது வட்டத்துக்குள் குருசு. சபை ஊர்காவற்றுறைக்குப் போய்விடும். கன்றுகள் வெளியில்தான் மேயும். சூசைப்பிள்ளை அவனைப் பார்த்து ஒரு கண்ணைச் சுருக்கினார். இரண்டு கன்றுகளும் கத்தின. குறி விழுந்தது.

தம்பிஐயா அருகே வந்து, புகை அடங்கும்வரை காத்திருந்து, குறியைக் கவனமாகப் பார்த்து ஏட்டில் வரைந்துகொண்டார். அவர் எதையும் அரைகுறையாகச் செய்பவரல்லர்.

"சபையின் குறி: வட்டத்துக்குள் குருசு," என்று எழுதினார். பின்பு நிமிர்ந்து பட்டியைப் பார்த்தார். "பெரியவர், இதே குறியோடை வேறையும் மாடுகள் நிக்குது போலை."

அவர் தாமே உள்ளே இறங்கித் தேடினார். சிவலை, கறுப்பி, இரண்டு எருதுகள், ஒரு கிழட்டு மலட்டுப் பசு, ஒரு நாம்பன் காளை. ஆறும் சபையின் குறியைச் சுமந்திருந்தன. சபைக்கு ஒரு குறி அமைவதற்கு முன்பே அவை அதைச் சுமந்திருந்தமை, பரிமாற்றத்தின் வேர்கள் எவ்வளவு ஆழமானவை என்பதற்குச் சான்று என்று அவ்வாண்டு அறிக்கையில் தலைவர் எழுதினார்.

சூசைப்பிள்ளை கோலை நீருக்குள் வைத்தார். அது சீறியது. அவர் யாகப்புவின் பக்கம் திரும்பவேயில்லை.

பின்னேரம் தம்பிஐயா லோஞ்சுக்குப் போகும் வழியில் வீட்டுக்கு வந்தார். நெஞ்சில் ஈரமில்லாதவர் அல்லர் அவர். சபையின் பசுக்களை றோசம்மா தொடர்ந்து கறக்கலாம் என்றும், பாலை விருந்தினருக்குக் கொடுக்கலாம் என்றும் எழுத்தில் அனுமதி தந்தார். விருந்தினர் மட்டும் கறக்கக்கூடாது, அது வேலை. ஆறு கிழமை முடிந்ததும் அவரைத் திரும்பக் கூட்டிப்போக ஆள் வரும்.

"எங்கை கூட்டிக்கொண்டு போக?" என்றாள் றோசம்மா.

"ஊருக்குத்தான், அம்மா. புளியங்கூடலுக்கு. வல்லிபுரத்தார் பாத்துக்கொண்டிருப்பார்."

அவர் போனார். ஞானசவுந்தரி விறாந்தையில் அமர்ந்து, அன்றைய வித்தியாசங்கள் ஆறையும் எழுதிக்கொண்டிருந்தாள். முதல் வரியைத் தாண்டவில்லை.

றோசம்மா சிவலையைக் கறந்துகொண்டு வந்து, பாலைக் காய்ச்சினாள். ஆணியில் தொங்கிய பேணியை எடுத்து ஒருமுறை சீலைத்தலைப்பால் துடைத்தாள். பிறகு அதை ஆணியிலேயே மாட்டிவிட்டு, அலுமாரியைத் திறந்து பூப்போட்ட கோப்பையை எடுத்தாள். பால் நிரப்பி மகன் முன்னால் வைத்தாள். அவன் கதிரையில் நிமிர்ந்து இருந்தான். இரண்டு மாதத்தில் அவனுக்கு அது பழகிப்போயிருந்தது.

"குடி தம்பி, ஆறப்போகுது."

அவன் குடித்தான். அவள் நிலத்தில், அவனுடைய கால்களுக்கு அருகில் அமர்ந்தாள்.

"எப்படா வீட்டை வருவாய்?" என்று கேட்டாள்.

யாகப்பு கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு யோசித்தான். வேலிக்கு அப்பால் சிவலை கன்றை நக்கிக்கொடுத்துக்கொண்டிருந்தது. புதிய சூட்டின் மேல் நாக்குப் படும்போதெல்லாம் கன்று துள்ளியது.

"குலசிங்கம் வரட்டும், அம்மா," என்றான்.